சனி, ஞாயிறு மட்டும் எல்.எல்.பி. என்று யாராவது சொன்னால் சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள்

வேலை பார்த்துக்கொண்டே வக்கீலுக்குப் படிக்க நினைப்பவர்கள், முக்கியமாக முப்பத்தைந்து, நாற்பது வயதில் இரண்டாவது டிகிரிக்குப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். வார இறுதி எல்.எல்.பி. (சட்டப் பட்டம்) என்று ஆசை காட்டும் கும்பல் குறிவைப்பதே நம்மைப் போன்றவர்களைத்தான்.

நான் பி.காம். படித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பல வருடங்களாகக் கணக்கு பார்த்தவள். பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கிக்காக அலையும் தையல் பெண்களுக்குத் துணையாகப் போய்ப் போய், நாமே சட்டம் படித்தால் என்ன என்ற ஆசை வந்துவிட்டது. விசாரித்தபோது ஓர் அட்மிஷன் கன்சல்டன்சியைக் காட்டினார்கள்.

"பக்கத்து ஸ்டேட் காலேஜ் மேடம். பார் கவுன்சில் அப்ரூவல் இருக்கு. சனி, ஞாயிறு மட்டும்தான் கிளாஸ், வேலையை விடவே வேண்டாம்" என்றார் ஏஜென்ட். சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருவது இந்திய பார் கவுன்சில்தான். அந்த அப்ரூவல் கடிதத்தின் ஜெராக்ஸையும் காட்டினார். முதல் வருடக் கட்டணம் 60,000 ரூபாய், அவருக்குத் தனியாக 15,000. பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரை ஒரிஜினல்கள் எல்லாம் "வெரிஃபிகேஷனுக்கு" என்று வாங்கிக்கொள்ளப்பட்டன.

கல்லூரி என்று போய் நின்ற இடம் ஒரு கடைவீதிக் கட்டடத்தின் மாடி. வகுப்பு எதுவும் நடக்கவில்லை. ஆபீசில் இருந்தவர் வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளி, மாதம் முழுவதற்கும் கையெழுத்துப் போடச் சொன்னார். பதிவேட்டில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் கட்டங்கள். சனி, ஞாயிறுக்கு இடமே இல்லை. இன்னும் வராத தேதிகளும் இருந்தன. எனக்கு முன்னால் நின்றவர் கடகடவென்று போட்டுவிட்டு நகர்ந்தார். நான் போட மறுத்துவிட்டேன். அப்ரூவல் கடிதத்தின் ஒரிஜினலைக் காட்டச் சொன்னேன். அரை மனதாகக் கொண்டுவந்தார்கள். ஜெராக்ஸில் வராமல் மறைக்கப்பட்டிருந்த கடைசி வரிகளில்தான் விஷயம் இருந்தது: அங்கீகாரம் முந்தைய கல்வியாண்டோடு முடிந்திருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறு எல்.எல்.பி. என்று ஒன்று இந்தியாவில் கிடையாது. தபால் வழியிலும் கிடையாது. இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி இது முழுநேரப் படிப்பு. 70 சதவீத வருகை கட்டாயம். வேலையில் இருக்கும் மாணவர்கள் அதைத் தெரிவித்து, வேலை தருபவரிடம் வாங்கிய தடையின்மைச் சான்றைத் தர வேண்டும், கல்லூரிகளில் பயோமெட்ரிக் வருகைப் பதிவும் கேமராவும் வேண்டும் என்று 2024 செப்டம்பரில் சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறார்கள். 'லெட்டர் பேட்' சட்டக் கல்லூரிகள், அதாவது காகிதத்தில் மட்டும் இருப்பவை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வருடங்களுக்கு முன்பே கண்டித்தது இந்த ரகத்தைத்தான். மூன்று வருடம் கட்டணம் கட்டி டிகிரி வாங்கினாலும், வருகை பொய் என்று தெரிந்தால் என்ரோல்மென்ட்டே, அதாவது வக்கீலாகப் பதிவு செய்வதே, சிக்கலாகிவிடும். அப்போது ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

விலகுகிறேன் என்றதும் பேச்சு மாறியது. "மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு சர்டிபிகேட்டை எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். பலர் இங்கேதான் பயந்து அடங்கிவிடுகிறார்கள். பயப்படாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவே கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 அக்டோபர் அறிவிப்பில் சொல்லியிருக்கிறது. பணத்துக்கும் அதில் கணக்கு உண்டு: சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பிறகு 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதம் திருப்பித் தர வேண்டும். அதற்கு மேல் போனால் ஒன்றும் கிடையாது. அதனால் சந்தேகம் வந்த அன்றே எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

நான் கல்லூரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். அந்தக் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கும் நகல் போனது. அப்புறம் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதிந்தேன். சான்றிதழ்கள் கூரியரில் வந்து சேர்ந்தன. பணம் இன்னும் வரவில்லை. ஏஜென்ட் மீது போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். மோசடிக்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு இப்போது புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318.

சட்டம் படிக்கும் ஆசை இருந்தால் நம் ஊரிலேயே நேரான வழி இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்தும் மூன்று வருட எல்.எல்.பி. சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, டிகிரி மார்க்தான். வயது வரம்பும் இல்லை. அரசு சட்டக் கல்லூரிக் கட்டணம் அந்த ஏஜென்ட் கமிஷனைவிடக் குறைவு. ஆனால் தினமும் வகுப்புக்குப் போக வேண்டும். நான் வேலையை விட்டுவிட்டு அதற்குத்தான் விண்ணப்பித்திருக்கிறேன். வெளி மாநிலக் கல்லூரிதான் என்றால், எந்தக் கல்வியாண்டு வரை அங்கீகாரம் என்பதை இந்திய பார் கவுன்சிலின் தளத்தில் உள்ள பட்டியலில் நீங்களே பாருங்கள். அவர்கள் நீட்டும் ஜெராக்ஸை நம்பாதீர்கள்.