முதுகுப் பையா, பாட்டிலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்களுக்கு டிசம்பர், ஜனவரியில் வெயிலைவிடப் புழுக்கம்தான் பாடாய்ப் படுத்தும். கிபா கார்ஜ் சைக்கிள் பூங்காவின் பாதைகளில் ஒரு மணி நேரம் சுற்றத்தான் போகிறீர்கள் என்றால் பிரேமில் மாட்டிய 750 மில்லி தண்ணீர் பாட்டில் போதும். முதுகு காற்றாட இருக்கும், கழுவுவதும் எளிது.

ஆனால் கரும்புத் தோட்டத்து மண் பாதைகளில் மூன்று மணி நேரம் போகிற நாளில் உறிஞ்சிக் குடிக்கக் குழாய் வைத்த தண்ணீர்ப் பையைத்தான் நான் முதுகில் மாட்டுவேன். 1860 முதல் இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் பாடுபட்ட கரும்புக் காடு அல்லவா, அந்தப் பாதைகள் எனக்கு உயிர். முன்சக்கரம் வாரியிறைக்கும் மண் பாட்டில் வாயில் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு மடக்கிலும் பல்லில் நறநறக்கும். பையில் அந்தத் தொல்லை குறைவு. குழாய் வாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால் அடிக்கடி குடிப்போம். 2 லிட்டர் என்றால் 2 கிலோ, தோளுக்குத் தெரியும்தான். மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் இறுக்கிவிட்டால் இறக்கத்தில் பை ஆடாது. நிரப்பியதும் பையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே நிற்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், தண்ணீர் குலுங்காது.

அப்புறம், பையில் சர்க்கரை கலந்த பானம் வேண்டாம். ஒருமுறை ஊற்றி அப்படியே மறந்ததில் குழாய்க்குள் கறுப்பாகப் பூசணம் படர்ந்துவிட்டது. சர்க்கரையும் உப்பும் கலந்தது பாட்டிலில், வெறும் தண்ணீர் பையில்: நீண்ட பயணத்துக்கு நான் இரண்டையும் இப்படித்தான் எடுத்துப் போகிறேன்.