வேகமாக வளரும் தைராய்டு கட்டிக்கு நாங்கள் போன பயாப்ஸி பிரிவு

சென்னையில் ஒரு பெரிய புற்றுநோய் மருத்துவமனையின் தைராய்டு பிரிவைப் பற்றி எழுதுகிறேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

பெரியம்மாவுக்கு 71 வயது. ஹாஷிமோட்டோ (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) என்று 20 வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். கழுத்து வீக்கம் மூன்றே வாரத்தில் பெரிய எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது, குரல் கம்மிப் போச்சு, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. ஊரில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை நார்மல், ஒரு மாதம் கழித்து வாங்க என்றார்கள். டி.எஸ்.எச். சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்றுதான் சொல்லும், கட்டி என்ன ரகம் என்று சொல்லாது. அது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. ஊசி டெஸ்ட் முதல் தடவை 'மாதிரி போதவில்லை', இரண்டாம் தடவை 'அனபிளாஸ்டிக்காக இருக்கலாம்'. அனபிளாஸ்டிக் என்பது மிக வேகமாகப் பரவும் தைராய்டு புற்றுநோய் ரகம். தைராய்டு புற்றுநோயில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் அது வரும், ஆனால் கண்டுபிடிக்கும்போதே நான்காம் நிலை என்றுதான் கணக்கு. அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இங்கே போன அன்றே முதலில் மூக்கு வழியாகக் கேமரா விட்டுக் குரல்வளையைப் பார்த்தார்கள், மூச்சுக்குழாய் நெருக்கப்படுகிறதா என்பதுதான் அவர்களுக்கு முதல் கவலை. அப்புறம் ஸ்கேன் பார்த்தபடியே தடித்த ஊசியால் துண்டு துண்டாகச் சதை எடுத்தார்கள். "மெல்லிய ஊசியில் உதிரி செல்தான் வரும்மா, இந்த மாதிரி கட்டியில் பாதி செத்த செல்லாக இருக்கும். துண்டாக இருந்தால்தான் சாயம் போட்டு ரகம் பிரிக்க முடியும்" என்று டாக்டர் பெரியம்மாவிடமே சொன்னார், எங்களிடம் தனியாகக் கிசுகிசுக்கவில்லை. அனபிளாஸ்டிக் என்றே வந்தாலும் பிராஃப் மரபணு மாற்றம் இருக்கிறதா பார்ப்போம், இருந்தால் அதற்கென்று மாத்திரைகள் உண்டு என்றும் சொன்னார்.

ஐந்தாம் நாள் ரிசல்ட். சாயம் போட்டதில் செல்லின் மேல் இருக்கும் சி.டி.20 என்ற புரதம் பாசிட்டிவ், அதாவது லிம்ஃபோமா, நிணநீர் செல்களில் வரும் புற்றுநோய். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அபூர்வமாக வருவது. வெளியே பார்க்க அனபிளாஸ்டிக்கும் இதுவும் ஒரே மாதிரிதான் வளரும், ஆனால் லிம்ஃபோமாவுக்குக் கீமோதான் முக்கியமான வைத்தியம், கழுத்தைத் திறந்து சுரப்பியை எடுக்க வேண்டியதில்லை. அந்தச் சந்தேக ரிப்போர்ட்டோடு நின்றிருந்தால் என்று நினைத்தாலே இன்னும் நடுங்குகிறது.

அரை மார்க் குறைத்தது காத்திருப்புக்காக. காலை ஏழு மணிக்கு டோக்கன் வாங்கினால் பார்க்க மதியம் ஆகிவிடும், மூச்சு வாங்கும் நோயாளிக்கு அது கஷ்டம். போகிறவர்கள் பழைய ஊசி டெஸ்டின் கண்ணாடி ஸ்லைடுகளை முதல் லேபிலிருந்து கையோடு வாங்கிப் போங்கள், வெறும் ரிப்போர்ட் பேப்பர் போதாது. எங்களை அதற்காகவே ஒரு நாள் திருப்பி அனுப்பினார்கள்.

முதல் கீமோ முடிந்து இரண்டாம் வாரம், பெரியம்மா போனில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பழைய குரலில்.