எஸ்விஜி: ஐஎம்ஜி டேக்கா, இன்லைனா, மாஸ்க்கா? தமிழ்த் தளங்களுக்கான ஓர் ஒப்பீடு

"எஸ்விஜி எல்லா பிரவுசரிலும் தெரியுமா?" என்ற கேள்விக்கு இன்று வேலையில்லை. எஸ்விஜி என்பது படத்தைக் கோடும் வடிவமுமாகக் குறியீட்டில் எழுதும் கோப்பு வகை. அதன் 1.0 பதிப்பு தரநிலையாக வந்தது 2001இல். ஃபயர்ஃபாக்ஸ் 1.5 அதை 2005லேயே வரைந்தது, ஆனால் பக்கத்துக்குள்ளேயே எழுத வேண்டுமென்றால் அந்தப் பக்கம் எக்ஸ்எச்டிஎம்எல்லாக (எச்டிஎம்எல்லின் கறாரான வடிவம்) இருக்க வேண்டும். ஒரு படக் கோப்பைப் போல ஐஎம்ஜி டேக்கில் வைக்க ஃபயர்ஃபாக்ஸ் 4 வரும்வரை, அதாவது 2011 மார்ச் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9ம் அதே மாதம்தான் வந்தது. ஆண்ட்ராய்டு 2.3இன் பிரவுசருக்கு எஸ்விஜி சுத்தமாகத் தெரியாது, 3.0 முதல்தான் தெரியும். இதெல்லாம் பழங்கதை. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி நான்கும் இப்போது வரைந்துவிடும்.

தீராமல் நிற்கும் சிக்கல் வேறு. ஒரே கோப்பு, வைக்கும் வழியைப் பொறுத்து வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ளும்: ஐஎம்ஜி டேக்கில் தனிப் படமாக, இன்லைனாக (குறியீட்டையே பக்கத்துக்குள் ஒட்டுவது), மாஸ்க்காக (படத்தின் வடிவத்தில் ஒரு நிறத்தை வெட்டிக் காட்டுவது). அதில் தமிழ் எழுத்து இருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. எடுத்துக்காட்டாக ஒரு சென்னை மெட்ரோ வரைபடத்தை வைத்துக்கொள்வோம். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை நீலம், சென்ட்ரலிலிருந்து பரங்கிமலை வரை பச்சை, இரண்டும் சந்திக்கும் சென்ட்ரலும் ஆலந்தூரும். நிலையப் பெயர்கள் தமிழில். பக்கத்தில் லிஃப்ட், பார்க்கிங், டிக்கெட் என ஒற்றை நிற ஐகான்கள். மேலே ஒரு லோகோ. இந்த மூன்றுக்கும் ஒரே வழி பொருந்தாது.

ஐஎம்ஜி டேக்

லோகோவுக்கு இதுதான், யோசிக்கவே வேண்டாம். கேஷ் ஆகும் (பிரவுசர் சேமித்து வைத்து மீண்டும் பயன்படுத்தும்), லேஸி லோடிங் (திரையை நெருங்கும்போது மட்டும் ஏற்றுவது) கிடைக்கும், ஆல்ட் எழுத்து (படத்துக்குப் பதிலான விளக்கம்) கொடுக்கலாம், பக்கத்தின் டாம் (உறுப்புகளின் மரம்) பெருகாது. கோப்புக்குள் யாராவது ஸ்கிரிப்ட் ஒளித்து வைத்திருந்தாலும் ஓடாது. எஸ்விஜி படமாக ஏற்றப்படும்போது பிரவுசர் அதற்குப் பூட்டு போட்டுவிடும்: ஸ்கிரிப்ட் இல்லை, லிங்க் சொடுக்க முடியாது, வெளியிலிருந்து ஸ்டைல்ஷீட், ஃபான்ட், இன்னொரு படம் எதையும் இழுக்க முடியாது. கோப்புக்குள்ளேயே எழுதிய அனிமேஷன் மட்டும் ஓடும். ஸ்மைல் என்ற, எஸ்விஜி டேக்குகளாலேயே எழுதும் அனிமேஷன் முறையைக் கைவிடப்போவதாக குரோம் 2015இல் அறிவித்து, பிறகு அந்த முடிவை நிறுத்தி வைத்தது. இன்றும் ஓடுகிறது.

படமே வராமல் உடைந்த ஐகான் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது எக்ஸ்எம்எல்என்எஸ் வரி, அதாவது இது எஸ்விஜி என்று வேர் டேக்கில் அறிவிக்கும் வரி. பக்கத்துக்குள் ஒட்டியபோது சரியாகத் தெரிந்த குறியீட்டைத் தனிக் கோப்பாகச் சேமித்ததும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். எச்டிஎம்எல் பார்சர் (குறியீட்டைப் படிக்கும் பகுதி) அந்த வரி இல்லாததை மன்னிக்கும், எக்ஸ்எம்எல் பார்சர் மன்னிக்காது. அதுவும் இருந்தால் சர்வர் அனுப்பும் கன்டென்ட் டைப்பை, அதாவது இது என்ன வகைக் கோப்பு என்று சொல்லும் ஹெடரைப் பாருங்கள். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். "இமேஜ்" வகையில் எஸ்விஜி-பிளஸ்-எக்ஸ்எம்எல் என வர வேண்டும், வெறும் டெக்ஸ்ட்டாக வந்தால் படம் வராது. முன்பே சுருக்கிய எஸ்விஜிஇசட் கோப்பு என்றால், கன்டென்ட் என்கோடிங் ஜிஜிப் என்ற ஹெடரையும் சர்வர் அனுப்பியாக வேண்டும். பழைய ஷேர்டு ஹோஸ்டிங்கில் இது அடிக்கடி விடுபடும். சாதாரண எஸ்விஜியாக வைத்துவிட்டு, சுருக்கும் வேலையை சர்வரிடம் விடுவதே நிம்மதி.

படம் வருகிறது, ஆனால் அளவு ஒத்துவரவில்லை என்றால் வியூபாக்ஸைப் பாருங்கள், படம் வரையப்பட்ட எல்லையைச் சொல்லும் வரி அது. அது இல்லாமல் அகலம், உயரம் மட்டும் இருந்தால், இன்லைனாக வைக்கும்போது படம் சுருங்காது, விளிம்பில் வெட்டுப்படும். அகலம், உயரம், வியூபாக்ஸ் மூன்றும் இல்லையென்றால் பிரவுசர் 300க்கு 150 பிக்சல் என்று தானே ஓர் அளவை எடுத்துக்கொள்ளும். இதில் டிசைனரைத் திட்டுவதற்கு முன், எஸ்விஜி கோப்பைச் சுருக்கும் எஸ்விஜிஓ கருவியைச் சந்தேகியுங்கள். அதன் மூன்றாம் பதிப்பு வரை வியூபாக்ஸை நீக்கும் பிளகின் இயல்பாகவே இயக்கத்தில் இருந்தது, நான்காம் பதிப்பில்தான் எடுத்தார்கள். பழைய பில்ட் செட்டப் வைத்திருப்பவர்கள் அந்தப் பிளகினைக் கையால் அணைக்க வேண்டும்.

தமிழ் எழுத்து: இங்கேதான் உண்மையான வித்தியாசம்

மெட்ரோ வரைபடத்தை ஐஎம்ஜி டேக்கில் வைத்தால் என்ன ஆகும்? பக்கத்தில் நீங்கள் ஏற்றியிருக்கும் நோட்டோ சான்ஸ் தமிழோ, முக்தா மலரோ, கேட்டமரனோ படத்துக்குள் நுழையாது. எழுத்து அந்தந்தக் கருவியின் ஃபான்ட்டுக்குப் போய்விடும். விண்டோஸில் நிர்மலா யுஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம். மூன்றின் அகலமும் வேறு. "ஆலந்தூர்" தப்பித்துவிடும். "புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல்" தப்பிக்காது: ஒரு கருவியில் கட்டத்துக்குள் அடங்கி, இன்னொன்றில் பச்சைக் கோட்டின் மேல் ஏறி நிற்கும். எஸ்விஜி 1.1இன் டெக்ஸ்ட்டுக்குத் தானாக வரி மடக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு.

எழுத்தைக் கோடாக மாற்றுவது முதலாவது. இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்து கன்ட்ரோல்-ஷிஃப்ட்-சி, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஓ. இல்லஸ்ட்ரேட்டரில் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிரெஃபரன்ஸஸின் டைப் பகுதியில் இண்டிக் ஆப்ஷன்ஸைக் காட்டச் சொல்லி, பாராகிராஃப் பேனலில் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அந்தப் பிழையும் அப்படியே கோடாக உறைந்துவிடும். கோடாக்கிய எழுத்தைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, ஸ்கிரீன் ரீடர் வாசிக்காது. லோகோவுக்கு இது போதும். வரைபடத்துக்குப் போதாது.

இரண்டாவது, ஃபான்ட்டை பேஸ்64 ஆக (கோப்பை எழுத்துச் சரமாக எழுதும் முறை) மாற்றிக் கோப்புக்குள்ளேயே வைப்பது. ஐஎம்ஜி டேக்கின் பூட்டு இதைத் தடுக்காது, கோப்புக்குள் இருப்பதால். பேஸ்64 மூன்றில் ஒரு பங்கு எடை கூட்டும் என்பதால் முழு ஃபான்ட்டைத் திணிக்காதீர்கள். ஃபான்ட்டூல்ஸ் தொகுப்பின் பைஎஃப்டி-சப்செட்டிடம் வரைபடத்தில் உள்ள எழுத்துகளைக் கொடுத்தால் அதற்கு மட்டும் வெட்டித் தரும். கு, மூ, ழு போன்றவற்றின் வடிவங்கள் யூனிகோட் எண் இல்லாத கிளிஃப்கள். அவற்றை, எழுத்துக்கு ஏற்ற வடிவத்தை மாற்றிவைக்கும் ஃபான்ட்டின் ஜிசப் அட்டவணைதான் கொண்டுவருகிறது. அந்த அட்டவணையைத் தொடராமல் எண்களை மட்டும் பார்த்து வெட்டும் கருவிகளில் "மூலக்கடை" உடையும். ஃபான்ட்டின் உரிமம் இப்படிப் பதிக்க அனுமதிக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவது வழி, வரைபடத்தை இன்லைனாக வைப்பது. பக்கத்தின் ஃபான்ட் அப்படியே வந்துவிடும். எங்கள் தேர்வு இதுதான்.

அச்சகத்திலிருந்து வரும் கோப்புகளுக்குத் தனி எச்சரிக்கை. திருவல்லிக்கேணியோ ராயப்பேட்டையோ, டிடிபி கடைகளில் தயாராகும் கோப்புகளில் பாமினி, வானவில் போன்ற பழைய குறியீட்டு ஃபான்ட்கள் இன்னும் புழங்குகின்றன. அந்தக் கோப்பை எஸ்விஜியாக எடுத்தால் உள்ளே இருப்பது தமிழ் அல்ல, தமிழ் வேடம் போட்ட ஆங்கில எழுத்துகள். ஃபான்ட் ஏறாத இடத்தில் கடைப் பெயர் புரியாத ஆங்கிலக் குவியலாகத் தெரியும். கடைக்காரரிடம் கோடாக்கித் தரச் சொல்லுங்கள், அல்லது யூனிகோடுக்கு மாற்றிப் புதிதாக அடியுங்கள். இன்னொரு தொல்லையும் உண்டு: சில எக்ஸ்போர்ட்களில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி டிஸ்பானாக (எழுத்தின் ஒரு துண்டைக் குறிக்கும் டேக்), தனித்தனி எக்ஸ் மதிப்போடு (கிடைநிலை இடம்) வரும். "கொளத்தூர்" என்பதன் கொம்பு ஒரு டிஸ்பானிலும் ககரம் இன்னொன்றிலும் சிக்கினால், கொம்பு புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து டிஸ்பான்களை ஒன்றாக்கினால் சரியாகிவிடும்.

இன்லைன்

நிறத்தை சிஎஸ்எஸ்ஸில் மாற்றலாம், நிலையத்தைத் தொட்டால் விவரம் காட்டலாம், எழுத்தைத் தேடலாம். விலை என்னவென்றால், தனியாகக் கேஷ் ஆகாது, ஒவ்வொரு பக்கமும் அதைச் சுமக்கும். ஆயிரக்கணக்கான பாதைகள் கொண்ட படத்தை இப்படி வைத்தால் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் ஸ்க்ரோல் செய்யும்போதே திணறும்.

ஐடி (உறுப்பின் அடையாளப் பெயர்) மோதல்தான் இதன் நிரந்தர வில்லங்கம். எஸ்விஜிஓ ஐடிகளை ஏ, பி என்று சுருக்கிவிடும். இரண்டு படங்களை ஒரே பக்கத்தில் ஒட்டினால் இரண்டிலும் ஏ இருக்கும். இரண்டாவது படம் முதல் படத்தின் கிரேடியன்ட்டை (நிறச் சாய்வு) எடுத்துக்கொள்ளும். அந்த முதல் படம் மொபைல் மெனுவில் டிஸ்ப்ளே நன் ஆக, அதாவது மறைந்து, கிடந்தால் இரண்டாவதன் நிறமே காணாமல் போகும். "டெஸ்க்டாப்பில் மட்டும் லோகோ வெள்ளையாகத் தெரிகிறது" என்று வரும் புகார்களில் முதலில் இதைப் பார்க்கலாம். எஸ்விஜிஓவின் ப்ரிஃபிக்ஸ் ஐடிஸ் பிளகின் இதைத் தீர்க்கும்.

ஸ்கிரீன் ரீடருக்காக ரோல் இமேஜும் ஏரியா லேபிளும் கொடுக்க மறக்காதீர்கள். பயனர்கள் பதிவேற்றும் எஸ்விஜியை மட்டும் எக்காரணம் கொண்டும் இன்லைனாக்கக் கூடாது, ஸ்கிரிப்ட் ஓடும். ஐஎம்ஜி டேக்கில் வைத்தாலும் அந்தக் கோப்பின் முகவரியை யாராவது நேரடியாகத் திறந்தால் உங்கள் டொமைனிலேயே ஸ்கிரிப்ட் ஓடும். டாம்ப்யூரிஃபை போன்ற ஒன்றால் சுத்தம் செய்து, வேறு டொமைனிலிருந்து வழங்குவது நல்லது. வேர்ட்பிரஸ் எஸ்விஜி பதிவேற்றத்தை இயல்பாக அனுமதிக்காததற்குக் காரணம் இதுதான்.

பேக்ரவுண்டும் மாஸ்க்கும்

சிஎஸ்எஸ் பேக்ரவுண்டுக்கும் ஐஎம்ஜி டேக்கின் அதே பூட்டுதான், ஆல்ட் எழுத்தும் கிடையாது. அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பில், டிக்கெட், ரசீது போன்ற அச்சிடும் பக்கங்களில் லோகோவைப் பேக்ரவுண்டாக வைக்கவே வேண்டாம்: பேக்ரவுண்ட் கிராஃபிக்ஸை பிரவுசர் இயல்பாக அச்சிடாது, பேப்பரில் வெற்றிடம்தான் வரும். டேட்டா யூஆர்எல்லாக, அதாவது தனிக் கோப்பின்றி சிஎஸ்எஸ்ஸிலேயே படத்தை எழுதினால் நிறக் குறியீட்டின் ஹேஷை சதவீதம் 23 என மாற்றி எழுதுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் ஆரம்பத்திலிருந்தே இதில் கறார், குரோமும் 2019இல் சலுகையை நிறுத்திவிட்டது.

லிஃப்ட், பார்க்கிங் போன்ற ஒற்றை நிற ஐகானுக்கு மாஸ்க் அருமையான வழி. கோப்பு கேஷ் ஆகும், நிறம் பக்கத்திலிருந்து வரும். ஃபயர்ஃபாக்ஸ் 53இலிருந்து முன்னொட்டு இல்லாமலே தெரியும், சஃபாரி 15.4இலிருந்து, குரோமோ 2023 டிசம்பரில் வந்த 120இலிருந்துதான். பழைய போன்களுக்காக வெப்கிட் முன்னொட்டு வரியையும் சேர்த்தே எழுதுங்கள். கோளாறைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஐகான் இடத்தில் முழு நிறச் சதுரம் தெரிந்தால் மாஸ்க் விதியே பிரவுசருக்குப் புரியவில்லை. ஒன்றுமே தெரியாவிட்டால் கோப்பு ஏறவில்லை. அதற்குக் காரணம் தவறான முகவரியாக இருக்கலாம், அல்லது சிடிஎன்னில் (கோப்புகளை வழங்கும் வெளி சர்வர்) கோர்ஸ் ஹெடர், அதாவது வேறு டொமைன் பயன்படுத்த அனுமதி தரும் ஹெடர், இல்லாமல் இருக்கலாம். ஐஎம்ஜி டேக்கில் அதே சிடிஎன் கோப்பு நன்றாகத் தெரியும் என்பதால் பலர் இங்கே நேரத்தை வீணாக்குவார்கள். விண்டோஸின் ஹை கான்ட்ராஸ்ட் முறையில் பின்புல நிறத்தைச் சிஸ்டம் மாற்றிவிடுவதால் மாஸ்க் ஐகான் மறையும். ஃபோர்ஸ்டு கலர்ஸ் மீடியா க்வெரியில் ஒரு சிஸ்டம் நிறத்தைக் கொடுத்தால் திரும்ப வரும்.

ஆப்ஜெக்ட், ஐஃப்ரேம்

இந்த இரண்டு டேக்குகளிலும் ஸ்கிரிப்ட் ஓடும், தனிக் கோப்பாகக் கேஷ் ஆகும், வெளி ஃபான்ட்டும் ஏறும். பட்டியலில் பார்த்தால் எல்லாம் கிடைப்பது போலத்தான் இருக்கும். ஆனால் பக்கத்தின் சிஎஸ்எஸ் உள்ளே போகாது, மேலே சுற்றிய லிங்க்கின் சொடுக்கைப் படமே விழுங்கிவிடும், பாதுகாப்புக் கொள்கையில் ஆப்ஜெக்ட் மூலத்தைத் தடுத்திருக்கும் தளங்களில் ஆப்ஜெக்ட் டேக் ஏறவே ஏறாது. தனியாகவே இயங்கும் ஒரு பெரிய வரைபடத்தைப் பல தளங்களில் பதிக்கத் தர வேண்டும் என்றால் ஐஃப்ரேம் சரி. மற்றபடி தேவையில்லை.

பிரவுசருக்கு வெளியே

ஜிமெயில் எஸ்விஜியைக் காட்டாது, விண்டோஸ் அவுட்லுக்கையும் நம்ப முடியாது. வாட்ஸ்அப்பில் லிங்க் பகிரும்போது வரும் முன்னோட்டப் படத்துக்கும் பிஎன்ஜியோ ஜேபெக்கோதான் வேண்டும். கேன்வாஸில் (ஸ்கிரிப்ட்டால் படம் வரையும் டேக்) வரைந்து பிஎன்ஜி எடுப்பதாக இருந்தால் எஸ்விஜியின் வேர் டேக்கில் அகலமும் உயரமும் எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் நெடுங்காலம் அது இல்லாமல் வெற்றுப் படத்தையே தந்தது.

ஃபேவிகானை (பிரவுசர் டேபில் தெரியும் சிறு ஐகான்) எஸ்விஜியாக ஃபயர்ஃபாக்ஸ் 41ம் குரோம் 80ம் ஏற்கத் தொடங்கின. சஃபாரி நெடுநாள் ஏற்காமல் இருந்ததால் 32 பிக்சல் ஐசிஓ ஒன்றையும் ஐபோன் முகப்புத் திரைக்கு 180 பிக்சல் பிஎன்ஜி ஒன்றையும் கூடவே வையுங்கள். ஐசிஓ லிங்க்கில் சைஸஸ் மதிப்பை 32க்கு 32 என எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் குரோம் எஸ்விஜியை விட்டுவிட்டு ஐசிஓவையே எடுத்துக்கொள்ளும்.