வேர்ச்சொல்லா, புராணக் குறிப்பா?

பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொற்களையும் எழுத்தையும் கற்றுக்கொடுக்க, ஒரு சொல்லின் வேரிலிருந்து தொடங்குவதா, புராணக் கதையைச் சுட்டித் தொடங்குவதா? இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மாலை வகுப்பில், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இரண்டையும் முயன்று பார்த்திருக்கிறேன்.

புராணக் குறிப்பு உடனே பற்றிக்கொள்ளும். மாசியில் காமன் கூத்துப் பார்க்கிறவர்களுக்கு ரதியையும் மன்மதனையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சீதா எலிய கோயில் ஆற்றுப் பாறையில் அனுமன் பாதம் என்று காட்டப்படும் குழியைப் பார்த்தவர்களும் உண்டு. ‘கும்பகர்ணத் தூக்கம்’ என்றால் வகுப்பே கடைசி வாங்கைத் திரும்பிப் பார்க்கும்.

வேர்ச்சொல் மெதுவாகத்தான் ஏறும். ‘நிறு’ என்று கரும்பலகையில் எழுதினேன், யாரும் அசையவில்லை. “அம்மா பறித்த கொழுந்தை மாலையில் என்ன செய்வார்கள்?” என்றதும், “நிறுப்பார்கள் சேர்” என்றாள் ஒருத்தி. பிறகு நிறுவை வந்தது, நிறை வந்தது. தராசையும் ஒருவன் சேர்த்தான். அது பாரசீகத்திலிருந்து வந்த சொல் என்று சொல்லி நம்பவைக்கவே பத்து நிமிடம் போயிற்று.

தகவல் கட்டுரையில்தான் வேறுபாடு தெரிந்தது. ‘கொழுந்து தூளாவது எப்படி?’ என்பதற்கு ஒருவன் தொழிற்சாலை இயந்திரத்தைப் பகாசுரனாக்கிவிட்டான். வாட்டுவதும் உருட்டுவதும் காணாமல் போயின. நல்ல வரிதான், அழிக்க மனம் வரவில்லை. ‘வாடு’ படித்தவளோ வாடல், வாட்டுதல் என்று படிப்படியாக எழுதியிருந்தாள். கட்டுரைக்கு நான் வேர்ச்சொல்லையே எடுப்பேன். புராணம், மின்சாரம் போன மாலைகளுக்கு.