காது மெஷின் போட்டு ஆறு வருஷம்: கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் அனுபவம்

ரெண்டு காதுக்கும் மெஷின் போட்டு ஆறு வருஷம் தாண்டிவிட்டது. காதுக்குப் பின்னால் உட்காருகிற வகை, 13-ஆம் நம்பர் பேட்டரி, என் காதுக்கே அச்சு எடுத்துச் செய்த மோல்டு. ஜோடி 80,000 ரூபாய்க்குப் பக்கம் வந்தது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் வேலையில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்னைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, எந்தக் கம்பெனி மெஷின் நல்லா இருக்குது?" கம்பெனிப் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அது உதவாது. ஒரே மாடல் ஒருத்தருக்குப் பேச்சைக் கொண்டுவந்து கொடுக்கும், இன்னொருத்தருக்கு இரைச்சலைத்தான் கொடுக்கும். அதை செட் பண்ணிக் கொடுக்கிற ஆடியாலஜிஸ்ட் (காது கேட்கும் திறனைச் சோதிக்கிற நிபுணர்) யார், திரும்பத் திரும்பப் போனாலும் முகம் சுளிக்காமல் பார்ப்பாரா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதலில் ஆளைத் தேடுங்கள், மெஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயசில் குவாரியில் பாறையைத் துளைக்கிற ஜாக்ஹேமர் பிடித்தேன். அப்புறம் பட்டறையில் கட்டர், பாலிஷிங் லைன், கடைசியில் சூப்பர்வைசர். வெளிநாட்டுக்குப் போகிற பாரடைசோ கல் எங்கள் பக்கத்தது. அதை அறுக்கும்போது வரும் சத்தத்தில் ஒருத்தர் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். நாற்பத்தைந்து வயசுக்கு மேல் ராத்திரி படுத்தால் காதில் 'கொய்ங்' என்ற சத்தம் நிற்காது. அதற்கப்புறம்தான் பேச்சு மங்க ஆரம்பித்தது.

மங்கியது என்றால் சத்தம் குறைந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்றுதான் புரியாது. உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட காக்ளியா என்ற பகுதியில் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. சத்தத்தை நரம்புக்கு அனுப்புவது அவைதான். தொடர்ந்து இரைச்சல் பட்டால் முதலில் அடிபடுவது மேல் சுருதிகளைப் பிடிக்கிற செல்கள், அதிலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். பேச்சில் உயிரெழுத்துக்கள் கீழே இருப்பதால் அவை கேட்டுவிடும். ச, ஸ, த, ப, க மாதிரி மெய்கள்தான் நழுவிப் போகும். போனில் "காசு வந்துச்சா" என்று கேட்டால் "காது வந்துச்சா" என்று விழும். ஆண்கள் பேச்சு ஓரளவு புரியும், பெண்கள், குழந்தைகள் பேசினால் திணற வேண்டியிருக்கும். போன செல் திரும்ப முளைக்காது. அதைக் குணப்படுத்துகிற மாத்திரையோ சொட்டு மருந்தோ இன்றைக்கு இல்லை. அப்படிச் சொல்லி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆனால் எல்லாக் காதுக் கோளாறும் இந்த வகை கிடையாது. அழுக்கு கெட்டியாக அடைத்திருக்கலாம், செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், சின்ன வயசிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருக்கலாம். இவற்றுக்கு வைத்தியம் உண்டு, ஓட்டையை ஆபரேஷன் செய்து மூடலாம். அதனால்தான் மெஷின் கடைக்குப் போவதற்கு முன்னால் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். இதற்கு கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு ஊரிலுமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, வேறெங்கும் ஓட வேண்டியதில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்ததும் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டுகிற ஆடியோகிராம் எடுத்தார்கள். அந்தச் சீட்டில் வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. இழப்பை டெசிபல் என்ற சத்த அளவில் சொல்வார்கள். எனக்கு ரெண்டும் 50-க்கும் 55-க்கும் நடுவில், 4,000 ஹெர்ட்ஸில் மட்டும் 75-க்கு இறங்கியிருந்தது. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு வைப்ரேட்டரை வைத்தும் பார்த்தார்கள். அதிலும் அதே அளவு வந்தால் கோளாறு நரம்புப் பக்கம் என்று அர்த்தம். அப்புறம் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்கிற டெஸ்ட். இதை விட்டுவிடாதீர்கள். மெஷின் போட்டால் எவ்வளவு பேச்சு புரியும் என்பதற்கு ஓரளவு விடை அதில்தான் கிடைக்கும். அதுவும் தாய்மொழியில் எடுக்க வேண்டும். நம் பக்கம் பெங்களூரு போகிறவர்கள் அதிகம். அங்கே கன்னடச் சொல் பட்டியலை வைத்துச் சோதித்தால் மதிப்பெண் குறையும், காது அதற்குப் பொறுப்பில்லை. தமிழில் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் தெலுங்கில் கேட்கலாம்.

ஒரு கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். உள்ளே போன பத்து நிமிஷத்தில், சீட்டைக்கூட சரியாகப் பார்க்காமல், "இது போட்டுப் பாருங்க சார், இன்னைக்கு ஆஃபர்" என்று ஒன்றைக் காதில் மாட்டி, "கேக்குதா?" என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தினார் அங்கிருந்தவர். கத்தினால் கேட்காதா? என் மச்சான் அங்கேயே ஒன்று வாங்கினார். சத்தத்தை எல்லாச் சுருதியிலும் ஒரே அளவு கூட்டுகிற பெட்டி அது. அவருக்கும் மேல் சுருதிதான் போயிருந்தது. கீழ் சுருதி நன்றாக இருக்கிற காதில் பஸ் இரைச்சலையும் ஃபேன் சத்தத்தையும் கூட்டினால் மனுஷன் எப்படித் தாங்குவார்? இன்றைக்கும் அது அவர் பீரோவில் கிடக்கிறது.

நான் வாங்கிய இடத்தில் கம்ப்யூட்டரில் இணைத்து, என் ஆடியோகிராமில் எங்கே எவ்வளவு குறைவோ அங்கே அவ்வளவு மட்டும் கூட்டினார்கள். அதோடு விடாமல் காதுக்குள் மெல்லிய ட்யூப் ஒன்றை விட்டு, செவிப்பறைக்குப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு சத்தம் போய்ச் சேருகிறது என்று அளந்தார்கள். ஒவ்வொருத்தர் காதுத் துளையும் ஒவ்வொரு அளவு என்பதால் கம்ப்யூட்டர் போடுகிற கணக்கை இப்படிச் சரிபார்த்தே ஆக வேண்டும். இந்தச் சோதனை செய்கிற இடங்கள் குறைவு. பேச்சு, செவித்திறன் ஆகியவற்றுக்கென்றே மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. கடைக்காரர் பேச்சில் நம்பிக்கை வராதவர்கள் அங்கே போய் ஒரு தடவை பரிசோதித்துக்கொண்டு, அந்தச் சீட்டை வைத்து உள்ளூரில் வாங்கலாம்.

முதல் மாசம் கஷ்டம்தான், மறைக்க வேண்டியதில்லை. தட்டை வைக்கிற சத்தம் மண்டைக்குள் இறங்கியது. தாளிக்கும்போது கடுகு வெடிப்பது அடுத்த அறையிலிருந்து கேட்டது. பிளாஸ்டிக் கவரைப் பிரித்தால் எரிச்சல் வந்தது. என் குரலே குடத்துக்குள் பேசுவது போல இருந்தது. இது மோல்டு காதை முழுசாக அடைப்பதால் வருவது. போய்ச் சொன்னதும் மோல்டில் காற்றுத் துளையைப் பெரிசாக்கிக் கொடுத்தார்கள், பாதி சரியானது. மீதி, மூளை பழகிக்கொண்டதில் சரியானது. வருஷக்கணக்கில் கேட்காத சத்தங்கள் திடீரென்று வந்தால் எது வேண்டும், எது வேண்டாம் என்று மூளை மறுபடி பிரித்துப் பழக வாரங்கள், சிலருக்கு மாசங்கள் ஆகும். முதலில் வீட்டுக்குள் கொஞ்ச நேரம், அப்புறம் தெரு, அப்புறம் சந்தை என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். எரிச்சலில் கழற்றி டப்பாவில் போட்டவர்கள்தான் "மெஷின் வேஸ்ட்டுங்க" என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. திரும்பி வந்து செட்டிங் மாற்றலாம் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்றைக்கு என்ன கிடைக்கிறது? எதிரே உட்கார்ந்து ஒருத்தர் பேசினால் முழுக்கப் புரிகிறது. போன் பேசுகிறேன். ரெண்டு காதிலும் போட்டிருப்பதால் ஹாரன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிகிறது. பெங்களூரு - சேலம் ரோட்டைத் தினமும் கடக்கிறவனுக்கு அது உயிர் விஷயம். காசு மிச்சம் என்று ஒரு காதுக்கு மட்டும் வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். என்ன கிடைக்கவில்லை? கல்யாண மண்டபம். மேளம், மைக், நூறு பேர் பேச்சு எல்லாம் சேர்ந்தால் முன்பக்கச் சத்தத்தை மட்டும் எடுக்கிற புரோகிராம் மெஷினில் இருந்தும் பக்கத்தில் இருக்கிறவர் பேச்சுதான் தேறும். தை மாசம் எருது விடும் விழாவுக்குப் போனால் கழற்றிப் பையில் வைத்துவிடுவேன். காதில் கொய்ங் சத்தம் முழுசாகப் போகவில்லை. பகலில் மெஷின் போட்டிருக்கும்போது அது பின்னுக்குப் போய்விடுகிறது, அதுவே பெரிய நிம்மதி.

பராமரிப்புதான் நம் ஊருக்கே உரிய பாடு. சித்திரை வெயிலில் வியர்வை காதுக்குப் பின்னால் வழிந்து மெஷினுக்குள் போகும். கல் தூசி மைக் துளையை அடைக்கும். தினமும் ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். மோல்டை மட்டும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ட்யூபுக்குள் நிற்கிற நீர்த்துளியை ஊதி எடுத்த பிறகே மாட்டுவேன். மெஷினில் தண்ணீர் படவே கூடாது. ட்யூப் நாலைந்து மாசத்தில் மஞ்சளாகி விறைத்துவிடும், உடனே மாற்ற வேண்டும். 'கீ' என்று விசில் அடித்தால் பல நேரம் மெஷின் கெட்டதென்று அர்த்தமில்லை. மோல்டு தளர்ந்திருக்கும், அல்லது காதில் அழுக்கு சேர்ந்திருக்கும். பேட்டரியில் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் இருக்கும். பிரித்ததும் காற்று உள்ளே போய்த்தான் அது உயிர் பெறும், அதனால் ஒன்றிரண்டு நிமிஷம் விட்டுத்தான் மாட்டுவேன். பிரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் பேட்டரி மிச்சமாகாது. குழந்தைகள் எட்டுகிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பழக்கம் வேண்டும். என் வீட்டில் சமையலறையிலிருந்து முதுகைக் காட்டிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பேசுவதற்கு முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கத்திப் பேசினால் மெஷினில் சொல் சிதைந்துதான் வரும். கொஞ்சம் நிதானமாக, முகம் பார்த்து, சாதாரணக் குரலில் பேசினால் போதும். "தாத்தா, இங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பேத்தி கதை சொல்ல ஆரம்பிக்கிறாள்.

இனிப் பட்டறையில் இருக்கிற தம்பிகளுக்கு. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது உலகில் பல இடங்களில் வைத்திருக்கிற வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, இப்படியே போனால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். கட்டர் பக்கத்தில் மீட்டர் வைத்தபோது 100-ஐத் தாண்டியதை நானே பார்த்தேன். நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 வரை அனுமதித்தன, என்னைக் கேட்டால் அதுவே அதிகம். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில் ஒன்றாக இடம்பெற்றது. ஆனால் நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வருகிற நாளில் மட்டும்தான் காதடைப்பான் பெட்டி வெளியே வரும்.

ஸ்பாஞ்ச் காதடைப்பானைச் சும்மா துளையில் அழுத்தினால் பயனில்லை. விரல்களுக்கு நடுவில் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே பின்னுக்கு இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிஷம் விரலால் பிடிக்க வேண்டும். சரியாகப் போட்டால் உங்கள் குரலே உங்களுக்கு மாறிக் கேட்கும். ஜாக்ஹேமர் பிடிக்கிறவர்கள் அதற்கு மேல் காது முழுவதையும் மூடுகிற மஃப்பும் போடுங்கள். என்னைப் போல மெஷின் போட்டவர்கள் அதை ஆஃப் பண்ணிவிட்டுக் காதடைப்பானாகப் பயன்படுத்தக் கூடாது, காற்றுத் துளை வழியாகச் சத்தம் உள்ளே போகும்.

ஒரே நாளில் ஒரு காது அடைத்துப் போனால் சளி என்று காத்திருக்காதீர்கள். உள்காது திடீரென்று செயலிழந்திருந்தால் முதல் சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு கொடுத்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு, நாள் போகப் போக அந்த வாய்ப்பு குறையும். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதையும் விட வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நேராக உள்ளே போகும். ஜென்டாமைசின், அமிக்காசின் மாதிரி ஊசிகளும் சில புற்றுநோய் மருந்துகளும் உள்காதைத் தாக்கக்கூடியவை. அவை கொடுக்கப்படும்போது காதில் சத்தம் வந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். நம் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பங்களில் பிறவிக் காது கேளாமை வர வாய்ப்பு கூடுதல். குழந்தை பிறந்த மாசமே காதுப் பரிசோதனை செய்துவிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்கு, உள்காதில் கருவி பொருத்துகிற காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் செய்கிறார்கள். ஆனால் வயசு ஏற ஏற அதன் பலன் குறையும்.

காசு இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதொலிக் கருவிக்கு மனு கொடுக்கலாம். 2016 சட்டப்படி ரெண்டு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தால்தான் மாற்றுத்திறனாளி கணக்கில் வரும். எனக்கு 50-55 என்பதால் சான்று கிடைக்கவில்லை. கூலி வேலைக்காரர் ஒருத்தருக்கு 55 டெசிபல் இழப்பு என்றால் அவர் எங்கே போவார் என்பது நியாயமான கேள்வி. அரசு இதைப் பார்க்க வேண்டும்.

என் மெஷினுக்கு இன்னும் ஓரிரு வருஷம் ஆயுள் இருக்கும். அடுத்தது வாங்கும்போதும் சார்ஜ் போடுகிற வகை வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன், எங்கள் ஊரில் கரண்ட் போகிற நாட்களை யோசித்தால் பேட்டரிதான் தைரியம். கடையில் நான் கேட்கப்போவது இவைதான்: சோதனைக்கு எத்தனை நாள் வீட்டுக்குக் கொடுப்பீர்கள், செட்டிங் மாற்ற வந்தால் தனிக் காசு உண்டா, ட்யூபும் மோல்டும் இங்கேயே மாற்றுவீர்களா, காதுக்குள் ட்யூப் விட்டு அளக்கிற மெஷின் இருக்கிறதா. பதில் இழுத்தடித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.