டெக்னீசியமா, ஃப்ளூரினா? கதிர்மருந்து ஆய்வில் இரண்டு பாதைகள்

உடலுக்குள் செலுத்தி நோயைக் கண்டறியவோ குணப்படுத்தவோ உதவும் கதிரியக்க மருந்துதான் கதிர்மருந்து. இந்த ஆய்வுக்கு வரும் மாணவர் டெக்னீசியத்தை எடுப்பதா, ஃப்ளூரினை எடுப்பதா? இரண்டுக்கும் தொடக்கம் ஒரே இடம்தான்: அமெரிக்காவின் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க அணுவை மருத்துவமனையிலேயே பிரித்தெடுத்துத் தரும் ஜெனரேட்டர் என்ற சிறு கருவி 1950களின் இறுதியில் அங்கே உருவானது. ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணு சேர்த்த குளுக்கோஸும் (எஃப்டிஜி) அங்கேதான் தயாரானது. 1976-இல் அது பிலடெல்பியாவுக்குப் போய், முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது.

டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) 6 மணி நேரம். அது ஓர் உலோகம்; அதைப் பற்றிக்கொண்டு உரிய உறுப்புக்குக் கொண்டுபோகும் மூலக்கூறை வடிவமைப்பதுதான் ஆய்வாளரின் வேலை. அதைச் சரியாகச் செய்துவிட்டால், மருத்துவமனையில் குப்பியில் ஊற்றிக் கலந்தாலே பெரும்பாலும் மருந்து தயார். சைக்ளோட்ரான் (துகள்களை முடுக்கி ஃப்ளூரின்-18 போன்ற அணுக்களை உருவாக்கும் பெரிய இயந்திரம்) இல்லாத ஊருக்கும் அது போய்ச் சேரும்.

ஃப்ளூரின்-18-க்கு அரை ஆயுள் 110 நிமிடம்தான். அதற்குள் கார்பனோடு பிணைத்து, சுத்தம் செய்து, தரம் பார்த்து, நோயாளியிடம் சேர்க்க வேண்டும். எவ்வளவு அழகான வினையானாலும் மூன்று மணி நேரம் பிடித்தால் இங்கே பயனில்லை. 1986-இல் ஜெர்மனியின் யூலிஷில் வேதியியலாளர் ஹாமாகரின் குழு கண்ட முறை எஃப்டிஜி விளைச்சலைப் பெரிதாகக் கூட்டியது. அப்புறம்தான் பெட் ஸ்கேன் (எஃப்டிஜி போன்ற மருந்து உடலில் எங்கே சேர்கிறது என்று காட்டும் படம்) பரவ வழி கிடைத்தது. ஒரு வேதியியலாளரின் கைவேலை இவ்வளவு நேரடியாக நோயாளியைத் தொடும் துறை அபூர்வம்.

எஃப்டிஜியை உருவாக்கிய குழுவில் இருந்த ஜோவன்னா ஃபௌலர், புரூக்ஹேவனிலேயே பல பத்தாண்டுகள் மூளையையும் போதைப்பழக்கத்தையும் ஆராய்ந்தார். கரிம வேதியியலில் பிடிப்புள்ள மாணவருக்கு நான் ஃப்ளூரினைத்தான் சொல்வேன். உலோகச் சேர்மங்களில் மனம் போகிறவர் தயங்காமல் டெக்னீசியத்துக்குப் போகலாம். அங்கே கற்கும் பிணைப்பு வேதியியல், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் லூட்டீசியம்-177 போன்ற உலோகங்களுக்கும் கைகொடுக்கும்.