கைக்குழந்தைக்கு "தோல் டைட்டு, உடனே ஆபரேஷன்" என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

ஆண் குழந்தை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளினிக் பெயரைப் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பையனுக்கு ஏழு மாதம். ஒன்றுக்குப் போகும்போது முன்தோல் உப்பிக்கொண்டு, அப்புறம் தாரையாக வருகிறது என்று காட்டப் போனோம். காய்ச்சல், அழுகை எதுவும் இல்லை. டாக்டர் பேச்சோடு பேச்சாகத் தோலை ஒரே தள்ளாகப் பின்னால் தள்ளிவிட்டார். பிள்ளை வீரிட்டான். பஞ்செல்லாம் ரத்தம். "பாத்தீங்களா, எவ்ளோ டைட்டுன்னு? விட்டா கிட்னி போயிடும்" என்றார். வெளியே ஒரு அம்மணி முன்தோலை நீக்கும் ஆபரேஷனுக்கான பேக்கேஜ் தாளோடு தயாராக இருந்தார்: 38,000 ரூபாய், இன்றே புக் செய்தால் 32,000. ஆடித் தள்ளுபடி கெட்டது போங்கள்! மாமியார் அழ ஆரம்பித்ததும் 5,000 அட்வான்ஸ் கட்டினோம்.

கிட்னி போகும் என்றவர் ஒரு யூரின் டெஸ்ட்கூட எழுதவில்லை.

அன்று ராத்திரி முழுக்க எரிச்சலில் சிறுநீரை அடக்கி அடக்கி அழுதான். மறுநாள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டரம்மா தோலை இழுக்கவே இல்லை. அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார், பையன் ஒன்றுக்குப் போகும்வரை காத்திருந்து தாரையைக் கவனித்தார். "நல்லாத்தானே போறான்? யாரு இதைக் கிழிச்சது?" என்று கேட்டார்.

பிறக்கும்போது அநேகமாக எல்லா ஆண் குழந்தைக்கும் முன்தோல் ஆண்குறியின் மொட்டோடு ஒட்டித்தான் இருக்குமாம். வளர வளரத் தானாகப் பிரியும். சிலருக்குப் பருவ வயதுகூட ஆகலாம். தாரை நன்றாக வந்தால், வெறுமனே உப்புவது நோயில்லை. உள்ளே வெள்ளை மணியாகத் தெரிவதும் சீழ் அல்ல, உதிர்ந்த தோல் செல்கள். வலிந்து தள்ளினால்தான் கிழிந்து தழும்பாகி நிஜமாகவே இறுகும். குளிப்பாட்டும்போது பாட்டிமார் தோலைத் தள்ளி எண்ணெய் விடுவதும் வேண்டாம் என்றார், மாமியாரைப் பார்த்தபடியே. பெரிய பையன்களுக்கு இறுக்கம் தொந்தரவு கொடுத்தால்கூட முதலில் சில வாரம் ஸ்டீராய்டு களிம்புதான். தோல் வெள்ளையாகத் தழும்பேறியிருந்தாலோ, சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோதான் ஆபரேஷன் பேச்சு.

சொட்டுச் சொட்டாகப் போவது, முக்குவது, அடிவயிறு உப்புவது, காய்ச்சல், சிவந்து சீழ் வடிவது இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். சிறுநீர்ப் பாதைக்குள் அடைப்பு இருந்தால் கிட்னிக்கு உண்மையிலேயே ஆபத்து. அதற்கு ஸ்கேன் எடுப்பார்கள். பின்னால் போன தோல் திரும்பாமல் மொட்டு வீங்கினால் அது எமர்ஜென்சி.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள், பொடி எழுத்தில் "திருப்பித் தரப்படாது". மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. குழந்தையைக் காயப்படுத்தியதற்குத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலுக்கும் எழுதுகிறேன். இதேபோல் பணம் கட்டியவர்கள் ரசீதையும் ஓ.பி. சீட்டையும் தொலைக்காமல் வைத்திருங்கள்.